பயணப் பெட்டியில் இறைச்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி–பதில் பகுதிக்குக் கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களில் ஒரு கட்டு முழுவதும் ஒரே விடயத்தைப் பற்றியதாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் இறைச்சியையோ இறைச்சியாற் செய்த பண்டங்களையோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாமா என்பதே அது. கட்டாரிலும் குவைத்திலும் உழைப்பவர்கள், லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளைப் பார்த்துவரச் சென்ற பெற்றோர், ஹஜ் கடமையை முடித்துத் திரும்புவோர் என்று பார்த்தால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பயணப் பெட்டி வந்திறங்காத தெரு இன்று அரிது. இந்த இரு மாவட்டங்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை வைத்திய அதிகாரியாக இருந்தவன் என்பதால் ஆசிரியர் அக்கடிதங்களை என்னிடம் தந்தார். ஒரே கருத்துடைய கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் ஜேர்மனியில் இருக்கிறார். சித்திரைப் புத்தாண்டுக்கு வரும்போது, காற்று நீக்கி அடைத்த சொசேஜ்களும் புகையூட்டிய பன்றி இறைச்சியுமாக நான்கைந்து கிலோ கொண்டுவருவதாகச் சொல்கிறார். எல்லாம் பெரிய கடையில் வாங்கியவை. வீட்டுப் பாவனைக்கு மட்டும் உரியவை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் தடுப்பார்களா?
— வாசகி, கல்லடி

பதில்: தடுப்பார்கள் என்றே எண்ணிக்கொள்ளுங்கள் அம்மா, தடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்தும். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்படி, விலங்குகளையும் விலங்குகளிலிருந்து பெறப்படும் பொருட்களையும் நாட்டுக்குள் கொண்டுவருவதற்குக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு, பொருள் புறப்படும் நாட்டின் அரச கால்நடை வைத்திய அதிகாரி வழங்கிய சுகாதாரச் சான்றிதழும் வர வேண்டும். கடைப் பற்றுச்சீட்டோ பொதியின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டோ அந்தச் சான்றிதழுக்கு ஈடாகாது. வீட்டுப் பாவனைக்கு என்பதால் அனுமதி வேண்டியதில்லை என்று பலர் தவறாக நம்புகிறார்கள். நான்கு கிலோ இறைச்சிக்காகத் தங்கள் மகன் பேராதனையிலுள்ள திணைக்களத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, ஜேர்மனியில் ஓர் அரச வைத்தியரைத் தேடிச் சான்றிதழ் எழுதுவிக்கப் போவதில்லை என்பதால், அவற்றை அங்கேயே விட்டுவரச் சொல்வதுதான் நேரான வழி.

காற்று நீக்கி அடைத்த பொதி பாதுகாப்பானது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். இறைச்சியைப் பழுதாக்கும் பல நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் வளர முடியாதவை. ஆகவே அந்தப் பொதி இறைச்சி கெட்டுப்போவதைத் தள்ளிப்போடுகிறது. விலங்கு நோயைப் பரப்பும் வைரசோ அங்கு வளர வேண்டியதே இல்லை, அழியாமல் கிடந்தாற் போதும். குளிரும் அதைக் காக்கிறது. உறைந்த இறைச்சியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். உப்பும் புகையும் மட்டும் ஊட்டிப் பதப்படுத்திய, அடுப்பைக் காணாத இறைச்சி வகைகளிலும் அவ்வாறே. இறைச்சியின் நடுப்பகுதி வரை 70 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறி அரை மணி நேரம் நின்றால்தான் இந்த வைரஸ்கள் அழிந்தன என்று கொள்ளப்படுகிறது.

ஜேர்மனி போன்ற ஒழுங்கான நாட்டில் என்ன நோய் இருக்கப்போகிறது என்று தாங்கள் கேட்கக்கூடும். அங்கு 2020 செப்டெம்பரில் காட்டுப் பன்றிகளில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. 2025 ஜனவரியில், பேர்லினை அடுத்துள்ள பிராண்டன்பேர்க் மாநிலத்தில், எருமைகளில், வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் கால்–வாய் நோய் வெளிப்பட்டது. 1988 க்குப் பின்னர் அந்த நாடு காணாத நோய் அது. எருமைகள் என்பதைக் குறிப்பாகக் கவனியுங்கள். தங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் தயிர்ச் சட்டியும் ஓர் எருமைப் பட்டியிலிருந்து வந்ததாகவே இருக்கும்.

கேள்வி: நான் பரம்பரையாக மாடு வளர்க்கிறவன். கால்–வாய் நோய் எங்கள் பகுதியில் ஏற்கெனவே வந்து போகிற ஒன்று. யாரோ ஒருவர் பெட்டியில் கொண்டுவருகிற ஒரு துண்டு இறைச்சியால் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது? இவையெல்லாம் பணக்கார நாடுகளின் கவலைகள் அல்லவா?
— வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: இந்தக் கட்டிலேயே மிக முக்கியமான கேள்வி தங்களுடையது. ஆகவே சற்று நீளமாகவே பதில் சொல்ல அனுமதியுங்கள்.

கால்–வாய் நோய் என்பது ஒன்றல்ல. அதன் வைரசில் ஏழு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராகப் போட்ட தடுப்பூசி மற்றொரு வகையைத் தடுக்காது. ஒரு வகை வந்து குணமான மாட்டுக்கும் மற்றொரு வகையிடமிருந்து பாதுகாப்பு இல்லை. இலங்கையில் நெடுங்காலமாகக் காணப்படுவது பெரும்பாலும் ஓ என்னும் வகையே. ஆபிரிக்காவுக்கு உரியதாக இருந்த சாட் 1 என்னும் வகை 2025 இல் ஈராக், குவைத், பஹ்ரெய்ன் ஆகிய நாடுகளில் தலைகாட்டியது. எங்கள் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் வட்டாரம் அது. தங்கள் பட்டியில் இன்று நிற்கும் மாடுகளில் ஒன்றுகூட அந்த வகையைச் சந்தித்ததில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். நோய் ஏற்கெனவே இருக்கிறது என்பது கவலையைக் குறைப்பதற்குரிய காரணமாக எனக்குத் தெரியவில்லை.

பழகிய வகையே என்ன செய்யும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பட்டியைப் பார்த்திராத வாசகர்களுக்காக எழுதுகிறேன். மாரிக்குச் சற்று முன்னர் படுவான்கரையில் ஒரு பட்டிக்கு என்னை அழைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பசு வாயைச் சப்பென்று ஒலிக்கத் திறந்து மூடிக்கொண்டு நின்றது. அதன் வாயிலிருந்து எச்சில் நூல்போல இறங்கி நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து நாக்கைப் பிடித்தேன். நாக்கின் மேற்றோல் என் கையோடு கழன்று வந்துவிட்டது. எருமைகள் குளம்பிடுக்கில் புண் வைத்துச் சேற்றில் கால் ஊன்ற முடியாமல் கிடந்தன. பட்டிக்காரர் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு காலாகத் தடவிக்கொண்டிருந்தார். பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. கன்றுகள் பிழைக்கவில்லை. முதல் நாள் மாலை தாயிடம் பால் குடித்த கன்று, புண் ஒன்றும் வெளியே தெரியாமலே, மறுநாட் காலையில் விழுந்து இறந்தது. இளங்கன்றுகளில் இந்த வைரஸ் இதயத் தசையையே தாக்கிவிடும். அந்தப் பட்டியிலிருந்து பல கிழமைகள் தயிர்ச் சட்டி வெளியே போகவில்லை.

எங்கள் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வயலோரத்துப் பட்டிகளையெல்லாம் மயிலத்தமடு, மாதவணை போன்ற மேய்ச்சற் தரைகளுக்குச் சாய்த்துச் செல்வார்கள். பல ஊர் மாடுகளும் அங்கு ஒரே தண்ணீரைக் குடிக்கின்றன, ஒரே புல்லை மேய்கின்றன. ஒரு பட்டிக்குள் வந்தது அங்கே ஒரு பட்டியோடு நின்றுவிடாது.

ஒரு துண்டு இறைச்சியிலிருந்து அந்த நோய் எப்படிப் பட்டிக்குள் போகும் என்பது தங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி. வெட்டிய விலங்கின் தசை ஆறும்போது அதில் அமிலம் கூடும். அந்த அமிலம் தசையிலுள்ள கால்–வாய் வைரசை அழித்துவிடும். எலும்பு மச்சைக்குள்ளும் நிணநீர்க் கணுக்களுக்குள்ளும் அந்த அமிலம் போய்ச் சேராது. ஆகவே எலும்போடு வருகிற இறைச்சிதான் அதிகம் அஞ்சத்தக்கது. அந்த எலும்பைக் கழுவிய தண்ணீரை மாட்டுக்கு வைக்கும் கழனித் தண்ணீரோடு சேர்த்து ஊற்றுவார்கள். எலும்பை நாய் கவ்விக்கொண்டுபோய் வயற்கரையில் போடும். மிச்சத்தைப் பன்றிக்கு வைப்பார்கள். அங்கிருந்து மாட்டுக்குப் போக வேலியொன்றும் குறுக்கே இல்லை.

பிரித்தானியாவில் 2001 இல் நடந்தது இதுவே. நோதம்பலண்டில் ஒரு பன்றிப் பண்ணையில், உணவகங்களிலிருந்து சேர்த்த மிச்ச உணவைச் சரிவரக் கொதிக்கவைக்காமல் பன்றிகளுக்குப் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து களவாக வந்த இறைச்சி அதில் கலந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. அந்த ஆண்டு முடிவதற்குள் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. நாட்டுக்கு ஏறக்குறைய 800 கோடி பவுண் இழப்பு ஏற்பட்டது. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2007 இல் ஜோர்ஜியா நாட்டின் போட்டி என்னும் துறைமுக நகரில் இறங்கியதும், கப்பலிலிருந்து அகற்றிய மிச்ச உணவின் வழியாகத்தான் என்று கருதப்படுகிறது. அங்கிருந்து ஐரோப்பாவுக்கும், 2018 இல் சீனாவுக்கும், 2020 இல் இந்தியாவுக்கும், 2024 இல் எங்கள் நாட்டுக்கும் அது வந்து சேர்ந்தது. மனிதரைத் தொற்றாத அந்த நோய்க்கு மருந்தில்லை. பன்றி வளர்ப்பைச் சீவனோபாயமாகக் கொண்ட குடும்பங்கள் ஒரு கிழமைக்குள் கூடு முழுவதையும் இழந்தன.

பணக்கார நாடுகளின் கவலை என்கிறீர்கள். 1987 இல் இலங்கையில் மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) வந்ததைத் தங்கள் தகப்பனாரின் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தீவில் இல்லாதிருந்த நோய் அது. இந்திய அமைதிப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு கடல் தாண்டி வந்ததாகவே ஆய்வாளர்கள் கருதினர். அப்போது நான் சேவைக்குப் புதியவன். போர் நடக்கும் ஊர்களில் தடுப்பூசியை எடுத்துக்கொண்டு பட்டி பட்டியாகச் செல்வது எத்தகைய வேலை என்பதை மூத்த அதிகாரிகளிடமிருந்து கற்றுக்கொண்டேன். உலகிலிருந்தே அந்த நோய் ஒழிக்கப்பட்டதாக 2011 இல்தான் அறிவிக்கப்பட்டது. பணக்கார நாட்டில் நோய் வந்தால் அரசாங்கம் மாட்டின் விலையைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. எங்கள் பட்டிக்காரருக்கு மாடுதான் வங்கிக் கணக்கு, மாடுதான் மகளின் சீதனம். இழந்தால் கொடுப்பார் எவருமில்லாதவர்களுக்குத்தான் இந்தச் சட்டம் அதிகம் தேவை.

கேள்வி: என் கணவர் குவைத்தில் சாரதியாக இருக்கிறார். ஹலால் சான்றிதழ் உள்ள உறைந்த ஆட்டிறைச்சியும் ரின்னில் அடைத்த மாட்டிறைச்சியும் கொண்டுவர விரும்புகிறார். ஹலால் சான்றிதழ் இருந்தால் போதுமா?
— வாசகி, சம்மாந்துறை

பதில்: போதாது சகோதரி. ஹலால் சான்றிதழ் அந்த இறைச்சி மார்க்க முறைப்படி அறுக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. அறுக்கப்பட்ட விலங்கு எந்த நாட்டில் எந்த மந்தையில் நின்றது, அந்த மந்தையில் நோய் இருந்ததா என்பதைச் சொல்வது அதன் வேலையன்று. வளைகுடா நாடுகளில் விற்கப்படும் ஆட்டிறைச்சி பல நாடுகளிலிருந்து உயிரோடும் உறைந்தும் வந்து சேர்வது; பொதியின் மேல் குவைத் என்றிருந்தாலும் ஆடு வளர்ந்த இடம் வேறாக இருக்கலாம். முந்தைய பதிலில் நான் எழுதிய சாட் 1 வகையையும் நினைவில் வையுங்கள்.

ரின்னில் அடைத்த இறைச்சியின் நிலை வேறு. முறையான ஆலையில், ரின்னை மூடிய பின்னர் ஆவி அழுத்தத்தில் 121 பாகை அளவு வெப்பம் கொடுக்கிறார்கள். அதில் இந்த வைரஸ்கள் எவையும் பிழைப்பதில்லை. நோய்த் தொற்று என்ற கண்ணோட்டத்தில் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் அது சட்டத்தின் கண்ணில் விலங்கு உற்பத்திப் பொருளே. ஆகவே தங்கள் கணவர் அதைக் கொண்டுவருவதானால், சுங்கத்தில் பிரகடனப்படுத்த ஏதேனும் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியாகச் சென்று, இன்னது இவ்வளவு இருக்கிறது என்று பிரகடனப்படுத்தட்டும்; அனுமதிப்பதா இல்லையா என்பதை விமான நிலையத்திலுள்ள அதிகாரிகள் தீர்மானிப்பார்கள். எடுத்துக்கொண்டால் மனவருத்தமின்றிக் கொடுத்துவிட வேண்டும். பால்மா, பாலாடைக்கட்டி, நெய் ஆகியவற்றுக்கும் இதே வழிதான்.

கேள்வி: சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பறப்புத்தான். காலையில் வாங்கிய ஆட்டிறைச்சிப் பிரியாணியை மாலையில் வீட்டில் உண்பதற்கும் அனுமதி கேட்க வேண்டுமா?
— வாசகர், வாழைச்சேனை

பதில்: பயண நேரத்தைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. பாக்கு நீரிணையைத் தாண்டி வந்த ஆடுகளால் 1987 இல் என்ன நடந்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வருவோருக்கும் இது பொருந்தும். பிரியாணியைச் சென்னையிலேயே வயிறார உண்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.

கேள்வி: ஹஜ் கடமையின்போது கொடுக்கும் குர்பான் இறைச்சியில் ஒரு பங்கை உலர்த்திப் பரக்கத்துக்காகக் கொண்டுவர முடியுமா? ஒட்டக இறைச்சிக்கும் இதே சட்டமா?
— வாசகர், காத்தான்குடி

பதில்: கொண்டுவர வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வெயிலில் உலர்த்துவதால் நீர் வற்றுகிறது. வைரஸ் அழிந்ததா என்பதற்கு உறுதி இல்லை. ஒட்டகத்துக்கும் சட்டம் ஒன்றே. மெர்ஸ் என்னும் சுவாச நோயின் வைரஸ் 2012 இல் சவூதி அரேபியாவில் முதலில் இனங்காணப்பட்டது. அது ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது பின்னர் தெரியவந்தது. ஆகவே அங்கு இருக்கும் நாட்களிலும் காய்ச்சாத ஒட்டகப் பாலையும் சரிவர வேகாத ஒட்டக இறைச்சியையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். குர்பான் இறைச்சியை உறையவைத்து வறிய நாடுகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டை சவூதி அரசாங்கமே நெடுங்காலமாக நடத்துகிறது. அது அரசுகளுக்கிடையிலான அனுமதியோடு போவது. தங்கள் பங்கு உரியவர்களைச் சென்றடைய அந்த வழி இருக்கிறது.

கேள்வி: லண்டனில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. மாட்டிறைச்சிப் பிரட்டல், நெய், கருவாடு, மாசி எல்லாம் கொண்டுபோக ஆயத்தம் செய்கிறேன். எங்கள் நாட்டுக்குள் வருவதற்குத்தானே இவ்வளவு கட்டுப்பாடு, போவதற்கும் உண்டா?
— வாசகி, ஏறாவூர்

பதில்: போகிற நாட்டுக்கு அது வருகிற பொருள் அல்லவா அம்மா! பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், சுவிற்சர்லாந்து ஆகிய எதற்குள்ளும் இலங்கையிலிருந்து இறைச்சியையோ பாலுணவையோ பயணப் பெட்டியில் கொண்டுசெல்ல முடியாது. பிரட்டலை எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தீர்கள் என்பது தங்களுக்குத் தெரியும். சட்டியைக் காணாமல் பொதியை மட்டும் காண்கிற அதிகாரிக்கு அது தெரிய வழியில்லை. நெய்யும் பாலுணவில் அடங்கும்.

ஆனால் தங்கள் பெட்டி வெறுமையாகப் போக வேண்டியதில்லை. மீனுக்கு இவ்விடங்களில் இடம் விட்டிருக்கிறார்கள். பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஒருவர் தம் பாவனைக்காக 20 கிலோகிராம் வரை மீன் கொண்டுசெல்லலாம். உலர்ந்த மீனும் அதில் அடங்கும். ஆகவே வாகரைக் கருவாடும் மாசியும், மாசி இடித்துப் போட்ட சீனிச் சம்பலும் மகளிடம் போய்ச் சேரலாம். பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தாய் கொண்டுபோகும் சாப்பாட்டில் இறைச்சி இல்லாதது குறையாகத் தோன்றினால், இறைச்சியை அங்கே வாங்கி, இங்கிருந்து கொண்டுபோன கறித்தூளில் அங்கேயே பிரட்டிக் கொடுங்கள்.

பிரித்தானியாவிலுள்ள உறவினர் ஐரோப்பாவுக்கு ஓர் எட்டுப் போய்த் திரும்பும் வழக்கமுடையவர்களாயின் ஒன்றைச் சொல்லிவையுங்கள். ஜேர்மனிக்குப் பின் ஹங்கேரியிலும் ஸ்லோவாக்கியாவிலும் கால்–வாய் நோய் வந்ததையடுத்து, 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியாவுக்கு மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் இறைச்சியையும் பாலுணவையும் பயணிகள் கொண்டுவருவது தடுக்கப்பட்டது. அடைத்த சான்ட்விச்சும் அதில் அடங்கியது.

கேள்வி: சிவப்பு வழியாகப் போனால் வீண் விசாரணை, தாமதம், தண்டம் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். பேசாமல் பச்சை வழியாக வருவதுதான் நல்லது என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், திருக்கோவில்

பதில்: நண்பர்கள் தங்களுக்கு நல்லது சொல்லவில்லை. தாமே முன்வந்து சொல்பவரிடமிருந்து பொருளை எடுத்துக்கொள்வதோடு விடயம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மறைத்துப் பிடிபட்டால் சுங்கக் கட்டளைச் சட்டத்தின்படி பொருள் பறிமுதலாவதோடு தண்டப்பணமும் விதிக்க இடமுண்டு.

பிற நாடுகளில் இது இன்னும் கடுமையானது. 2022 ஜூலையில் இந்தோனேசியாவின் பாலித் தீவில் கால்–வாய் நோய் பரவியிருந்த வேளையில், அங்கிருந்து அவுஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வந்த ஒரு பயணியின் முதுகுப்பையை மோப்ப நாய் காட்டிக்கொடுத்தது. உள்ளே முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த இரண்டு பணிஸ் துண்டுகளும் ஒரு குரோசாண்டும் இருந்தன. அவற்றை அவர் பிரகடனப்படுத்தியிருக்கவில்லை. விதிக்கப்பட்ட தண்டம் 2,664 டொலர். அதே நாட்டில் 2019 இல் பன்றி இறைச்சியை மறைத்துக் கொண்டுவந்த ஒரு பெண்ணின் விசாவை இரத்துச் செய்து சிட்னி விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். கனடாவில் பிரகடனப்படுத்தாத உணவுக்கு 1,300 டொலர் வரை தண்டம் உண்டு. பசிக்கு வாங்கிய காலையுணவும் பைக்குள் கிடந்து மறந்துபோனதும் விலக்கல்ல. விமானத்தில் தந்த சாப்பாட்டையும் அந்தத் தட்டிலேயே விட்டிறங்குங்கள்.

கேள்வி: இதையெல்லாம் அறியாமல் என் தம்பி கொண்டுவந்த இறைச்சி இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. என்ன செய்வது?
— வாசகி, அக்கரைப்பற்று

பதில்: உண்மையை எழுதியதற்கு நன்றி. முதலாவதாக, அஞ்ச வேண்டாம். கால்–வாய் நோயோ ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலோ அதை உண்ட மனிதருக்கு வருவதில்லை. அஞ்ச வேண்டியது தெருவிலும் வளவிலும் நிற்கும் விலங்குகளுக்காக. அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் தண்டிக்க வரமாட்டார்கள், எப்படி அகற்றுவது என்று சொல்லித் தருவார்கள். அதுவரை பொதியை உடைக்க வேண்டாம். ஏற்கெனவே சிறிதளவு சமைத்திருந்தால் மிச்சத்தையும் எலும்பையும் நாய்க்கோ பூனைக்கோ கோழிக்கோ போடாமல், குப்பை வண்டிக்கும் கொடுக்காமல், எரித்துவிடுங்கள். எரிக்க வசதியில்லையாயின் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வெட்டிய பலகையையும் கத்தியையும் கொதிநீரில் கழுவுங்கள். இறைச்சி கழுவிய தண்ணீரை மாட்டுக் கழனியில் ஊற்றிவிடாதீர்கள். வீட்டில் மாடு நிற்கிறதா என்று தாங்கள் எழுதவில்லை, நின்றால் இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது.

கேள்வி: தென்கொரியாவில் பன்றிப் பண்ணையில் மூன்று ஆண்டுகள் வேலை செய்துவிட்டு வருகிறேன். இறைச்சி எதுவும் கொண்டுவரவில்லை. எனக்கும் ஏதேனும் சொல்ல இருக்கிறதா?
— வாசகர், வந்தாறுமூலை

பதில்: இருக்கிறது தம்பி. கொரியாவில் 2019 முதல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உண்டு. பண்ணையில் அணிந்த சப்பாத்தையும் வேலையுடுப்பையும் அங்கேயே விட்டுவாருங்கள். சப்பாத்தின் அடியில் உலர்ந்த சேறு இறைச்சித் துண்டுக்குக் குறைந்ததன்று. கொண்டுவந்தே ஆக வேண்டிய உடுப்புகளைக் கொதிநீரில் சவர்க்காரமிட்டுத் துவையுங்கள். ஊருக்கு வந்து ஐந்து நாட்களாவது எந்தப் பட்டிக்கும் பன்றிக் கூட்டுக்கும் போகாதீர்கள். பண்ணையில் வேலை செய்ததை விமான நிலையத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கட்டாரிலிருந்து வீட்டு வாசல் வரை கொண்டுவந்து தரும் பொதிச் சேவையில், மற்றச் சாமான்களோடு உலர்ந்த இறைச்சியையும் வைத்து அனுப்பினால் எவரும் பார்க்கமாட்டார்கள் என்று இங்கு ஒருவர் சொல்கிறார். சரிதானா?
— வாசகர், கல்முனை

பதில்: சரியன்று. கடல் வழியாக வரும் பொதிகளும் சுங்கத்தின் பரிசோதனைக்கு உட்பட்டவையே. ஒரு பெட்டிக்குள் இறைச்சி அகப்பட்டால் அந்தப் பெட்டியில் உள்ள பிள்ளைகளின் உடுப்பும் சவர்க்காரமும் சேர்ந்து சிக்கலுக்குள்ளாகும். சேவை நடத்துகிறவரைக் குறைகூறிப் பயனில்லை, பெயர் எழுதிய சீட்டு தங்களுடையது. கப்பற் பொதி பல கிழமைகள் வெப்பத்தில் கிடந்து வருவது என்பதால், அந்த இறைச்சி உண்பவரின் வயிற்றுக்கும் நல்லதல்ல. அனுப்புகிறவரிடம் பேரீச்சம்பழத்தை அனுப்பச் சொல்லுங்கள். உறவினர் ஏற்கெனவே இறைச்சியை வைத்து அனுப்பிவிட்டிருந்தால், பொதி துறைமுகத்துக்கு வருமுன்னரே சேவை நடத்துகிறவருக்கும் சுங்கத்துக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். வைத்த பொருளின் பெயரையும் நிறையையும் அதில் குறிப்பிட்டு, பிரதியொன்றைத் தங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.